தொடர்கதை எழுதிய தீர்ப்பு

கெசியா ஹோல்ராய்ட் என்ற பெயர் எங்கள் வீட்டில் முதன்முதலாக அடிபட்டது, ஹெப்சி சித்தி கிண்ணத்தை மேசைமேல் ஓங்கி வைத்த அன்றுதான். சித்தி கிர்க்பி வீட்டில் சமையல்காரி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தவள், தலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ஒரு நல்ல மனுஷிய கதைப் பொஸ்தகத்த வெச்சே கொல்றாளுங்கக்கா" என்றாள். மற்றதெல்லாம் அவள் வாயிலிருந்து வருஷக்கணக்கில் துண்டு துண்டாக வந்தது.

கெசியா கடற்கரைப் பக்கத்து வலைக்காரக் குடும்பம். தகப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு, தாயையும் தாயின் மாமியாரையும் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அதுவே பிழைப்பாகிவிட்டது. நெட்டையான உடம்பு, வெளிறிய கண், தேவைக்கு மேல் ஒரு சொல் உதிராத வாய். கம்பளி ஆலைக்கார கிர்க்பியின் விதவை பக்கவாதத்தில் விழுந்ததும் அவளை அழைத்து வைத்துக்கொண்டார்கள். நாலு வருஷம் கிழவி அவள் கையால்தான் சாப்பிட்டாள். அவள் தோளைப் பிடித்துத்தான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மருமகள் அகஸ்டா வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

அந்த அகஸ்டாவுக்கு லண்டனிலிருந்து மாதாமாதம் ஒரு பத்திரிகை வரும். அந்த வருஷம் அதில் ஒரு தொடர்கதை தொடங்கியது. ஒரு பெரிய வீடு, படுக்கையில் ஒரு பணக்காரக் கிழவி, அவளைக் கவனிக்க வெளிறிய கண்ணும் மூடிய வாயுமாக ஒரு தாதி. சில இதழ் கழித்து அந்தத் தாதி கிழவியின் கஞ்சியில் எதையோ சொட்டுச் சொட்டாக விடுகிறாள். அவ்வளவுதான், மிச்சம் அடுத்த மாதம். ஊரே கிறுகிறுத்துப் போயிற்று. ஜெபவீட்டுத் தையல் கூட்டத்தில் அகஸ்டா உரக்கப் படிக்க, பெண்கள் ஊசியை அப்படியே விட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டார்கள். இதெல்லாம் ஆத்துமாவுக்கு விஷம் என்று போதகர் பிரசங்கம் பண்ணினார். கூட்டத்தில் முதல் நாற்காலி அவர் மனைவிக்குத்தான்.

முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. கறிக்கடைக்காரன் பெண்டாட்டி டாட்ஸ்வெர்த், ஆட்டெலும்பு வாங்கப் போன கெசியாவிடம், "இன்னைக்குக் கஞ்சியில என்னடி போடப் போற?" என்று கேட்டாள்.

"உப்பு" என்றாள் கெசியா.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த இதழ் வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. மருந்துக் குப்பிகள் அலமாரிக்குள் போயின. சாவி அகஸ்டாவின் இடுப்புக்குப் போயிற்று. பிறகு, கஞ்சியில் ஒரு கரண்டியைக் கெசியா தன் கண்முன்னால் குடித்துக் காட்ட வேண்டும் என்றாள் அகஸ்டா. கெசியா குடித்தாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. தாதிக்குச் சொத்து அவள் நல்ல பெயர்தானே. அது போனால் எந்த வாசல் திறக்கும்? அந்தப் பயத்தில் குடித்தாள். ஜெபவீட்டில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் எழுந்துபோனார்கள். சொந்தப் புத்தியில் ஒரு பேனைப் பார்த்து நசுக்கத் தெரியாதவர்கள் எல்லாம் அவள் கண்ணைப் பார்த்துக் கொலை கண்டுபிடித்தார்கள்.

குளிர் தொடங்கிய மாதத்தில் கதைத் தாதி கிழவியின் நகையை எடுத்து அணிந்துகொண்டாள். அதே வாரம் கிழவி, குளிருக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லித் தன் கறுப்புச் சால்வையைக் கெசியாவுக்குக் கொடுத்தாள். அகஸ்டா அதை அவள் தோளில் பார்த்தாள். கேள்வியும் இல்லை, விசாரணையும் இல்லை. அன்று மத்தியானமே பெட்டியோடு வெளியே அனுப்பினாள், நற்சான்றுக் கடிதம்கூட இல்லாமல்.

கிழவி "கெசியா, கெசியா" என்று கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். பனி உருகுவதற்குள் போய்விட்டாள். அந்தச் சாவை எந்தக் கதைக்காரனும் எழுதவில்லை. ஆகையால் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

எந்த வீடும் சேர்க்காததால் கெசியா சலவைக்கூடத்தில் துணி பிழிந்தாள். வசந்தத்தில் கடைசி இதழ் வந்தது. விஷம் வைத்தது தாதி இல்லையாம், கிழவிக்கு மருமகன் முறையான ஒரு வைத்தியனாம். தாதி சொட்டுச் சொட்டாக விட்டது அந்த விஷத்துக்கு மாற்று மருந்தாம். ஊர்ப் பெண்கள் அந்தக் காகிதத் தாதிக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்கள். அழுது முடித்ததும் அகஸ்டாவுக்கு ஒரு யோசனை வந்தது: கெசியாவை அழைத்து, தையல் கூட்டத்தில் உட்காரவைத்து, எல்லார் காதிலும் விழும்படி அந்த முடிவைப் படித்துக் காட்ட வேண்டும். கூப்பிடப் போனவள் ஹெப்சி சித்தி. போகும்போது தரை பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று இருந்ததாம்.

கெசியா சோப்பில் வெந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிவரை உட்கார்ந்து கேட்டாள். அகஸ்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நற்சான்றுக் கடிதத்தை நீட்டினாள். "நாங்க எல்லாரும் உன்னத் தப்பா நெனச்சிட்டோம் கெசியா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

"அத யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

அகஸ்டா பத்திரிகையைக் காட்டினாள். "அதான், இப்பப் படிச்சமே."

கெசியா எழுந்தாள். "நாலு வருஷம் உங்க வீட்டுல கெடந்தேன். என்னப் பாத்து உங்களுக்குத் தெரியல. என் மூஞ்சியே தெரியாத எவனோ ஒருத்தன் லண்டன்ல இருந்து சொன்னாத்தான் தெரியுது. அவன் மனசு மாறி வேற மாதிரி முடிச்சிருந்தா, என்னத் தூக்குல போட்டுட்டு இதே எடத்துல டீ குடிச்சிட்டிருப்பீங்க."

"முடிவுதான் நல்லபடியா வந்திருச்சே, இன்னும் என்னடி ஆத்திரம்?" என்றாள் டாட்ஸ்வெர்த்.

"பெரியம்மா வாயத் தொறக்காமலே பட்டினியில செத்தாங்களே, அது எந்த மாசத்துப் பத்திரிகையில வந்துச்சு? அதையும் படிங்க, கேக்கறேன்."

போதகர் மனைவி நூலில் முடிச்சு இருப்பதுபோலக் குனிந்துகொண்டாள். கெசியா கடிதத்தைத் தொடவில்லை. அது இருந்தால் பத்து வீடு திறக்கும் என்று சித்தி தெருவரை ஓடிக் கெஞ்சினாள். இவளுக எழுதின பேர வெச்சு நான் பொழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கெசியா போய்விட்டாள்.

அடுத்த மாதம் புதுக் கதை தொடங்கியது. அதில் பாதகன் ஒரு தோட்டக்காரன். கிர்க்பி வீட்டுத் தோட்டக்காரர் எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. அவர் பட்ட பாடு தனி.

கெசியா அதன்பின் ஒரு நோயாளியையும் தொடவில்லை. இப்போது கடற்கரை ஊரான ஃபைலியில் தம்பி மகள் வீட்டு மாடியில் இருக்கிறாள். மீன்காரர்களுக்கு வலை பின்னுகிறாள்.