மாமியின் அறுபதாவது பிறந்தநாள் அறிவித்தல்

லண்டனில் தமிழ் வானொலி தொடங்கிய புதிதில் அதைக் கேட்பதற்கென்றே ஒரு தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் சின்ன ஃபிளாட்டில் அந்தப் பெட்டிக்குத்தான் ஜன்னலோர இடம். ஓர் அங்குலம் தள்ளினாலும் கரகரக்கும். அதனால் நாங்கள் தள்ளி உட்கார்ந்தோம்.

மனைவியின் தாயார் அப்போது எங்களுடன் இருந்தார். அவரைக் கேட்காமல் அவருடைய மகளைப் பதிவுத் திருமணம் செய்தவன் நான். குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்டனை கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஊரிலிருந்து வந்து எட்டு மாதமாகியும் மாமி என்னுடன் நேரே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரில் இருக்கும்போதே, “அவர் தேத்தண்ணி குடிக்கிறாரோ எண்டு கேள்” என்று மகளிடம் சொல்வார். குடிப்பேன் என்று நானும் மனைவியிடம் சொல்வேன். இரண்டு பக்கமும் பேசிப் பேசி அவளுக்குத்தான் தொண்டை வற்றியது.

எப்படியாவது மாமியை என்னுடன் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு வானொலியில் வாழ்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தேன். வாழ்த்தை நாங்களே எழுதி ஃபாக்ஸில் அனுப்ப வேண்டும். இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை. மாமியின் பெருமை ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் எனக்குத் தெரிந்த வானொலித் தமிழ் ஒன்றே ஒன்றுதான். வேலையால் வந்ததும் தினமும் மாலையில் கேட்கிற மரண அறிவித்தல். அது எனக்கு மனப்பாடம். அந்த நடையிலேயே ஒரு முழுப் பக்கம் எழுதி, அதைப் பலமுறை வாசித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறந்தநாளன்று மாலை கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அறிவிப்பாளருக்கு நல்ல கனத்த குரல். “யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன் கோலியர்ஸ் வுட்டை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கியதும் பழக்கதோஷத்தில் அந்தக் குரல் தானாகவே தாழ்ந்தது. மாமியின் பெயர் வந்தது. காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று உறவுகள் நீண்டன. மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செய்து வைத்திருந்த வேலை அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசி வரியில், இன்று தமது அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார் என்று வந்தபோது அறிவிப்பாளருக்கே இருமல் பிடித்துவிட்டது.

எங்கள் ஆட்களில் கடைசி வரி வரைக்கும் யார் கேட்கிறார்கள்? ஊரும் பெயரும் காதில் விழுந்ததுமே டெலிபோனைத் தூக்கிவிடுவார்கள். முதல் அழைப்பை மாமிதான் எடுத்தார். மனோர் பார்க்கிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தங்கை. அந்த ஒப்பாரி அறை முழுவதும் கேட்டது. “இல்லையடி, நான்தான் கதைக்கிறன்” என்றார் மாமி. மறுமுனையில் ரிசீவர் தரையில் விழுந்தது.

அடுத்த அழைப்பை எடுக்க நான் கை நீட்டினேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது அழைப்பிலேயே அவருக்கு ஒரு நுட்பம் பிடிபட்டுவிட்டது. உண்மையைச் சொல்ல அவசரப்படாமல், சாவீட்டுக்காரர் மாதிரித் தாழ்ந்த குரலில் “ஓம், ஓம்” என்று மட்டும் சொன்னால் தன்னைப் பற்றி நிறையக் கேட்கலாம். அவர் கையால் சாப்பிடாத ஒருவரும் அந்தத் தெருவில் இல்லை என்று பழைய அயல்வீட்டுக்காரி ஒருத்தி விம்மினாள். மாமியின் கண் கலங்கியது. இன்னொருவர் மனிசி நல்ல மனிசி, வாய்தான் கொஞ்சம் நீளம் என்றார். மாமி டெலிபோனை வைத்துவிட்டார்.

சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஓர் உறவினர் ஒரு சட்டி சோறும் கறியுமாக வந்து மணியடித்தார். கதவைத் திறந்தது மாமி. மனிதர் சட்டியைக் கீழே போடாமல் நின்றது பெரிய காரியம். அவரையும் உள்ளே கூப்பிட்டு, சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கேக்கை வெட்டினோம்.

அவர் போன பிறகு மாமி என் பக்கம் திரும்பினார். நான் கேக் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

“தம்பி, நல்லா எழுதியிருக்கிறியள். நான் உண்மையாப் போற அண்டைக்கும் நீங்கள்தான் எழுதவேணும்.”

“ஓம் மாமி” என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு கிடைத்த பேச்சு. எதற்கு ஓம் சொல்கிறேன் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

போன வருடம் எழுத வேண்டி வந்தது. பிறப்பிடம், வதிவிடம் எல்லாம் தடங்கலின்றி வந்தன. மாமியின் பெயரை எழுதியதும் அழுகை வந்துவிட்டது. மீதியை மனைவிதான் எழுதினாள்.