ஓடும்போது சுடும் வண்டி

எட்டு மாதத்தில் எட்டு முறை ஒரே வரியை எழுதியிருக்கிறேன்: "சரிபார்த்தேன், கோளாறு இல்லை." கையெழுத்து மட்டும் மாதத்துக்கு மாதம் மோசமாகிக்கொண்டே போயிருக்கிறது. கல்குவாரி ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் மெக்கானிக்காகக் குப்பை கொட்டியவனுக்கு ஜாப் கார்டு நிரப்புவது பல் துலக்குகிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அந்த எட்டுக் கார்டும் டிரைவரக்காவின் வண்டிக்கு எழுதியவை. குவாரி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். வண்டி சின்னது. முன்னால் இரண்டு சீட்டு, சீட்டுக்குப் பின்னால் இஞ்சின், அதற்கும் பின்னால் சாமான் வைக்க ஒரு தொட்டி. மேலே கம்பிக் கூண்டும் கூரையும் உண்டு, கதவு கிடையாது. லாரி ஏறாத மேட்டிலும் அது ஏறிவிடும். பாறை உடைக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கேன்கள் அதில்தான் போகும்.

அதற்கு முன் அக்கா பதினொரு வருடம் கல் அரைக்கும் கிரஷரில், ஜல்லி ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்று கல் பொறுக்கினார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. நாற்பத்தொரு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "உக்காந்து சம்பாதிக்கணும் தம்பி. நின்னது போதும்" என்றார். அந்த சீட்டு கிடைத்த அன்று சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் அவர் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல். அக்கா விடாமல் கேட்டு வண்டிக்கு முன்கண்ணாடி வாங்க வைத்தார். கூரையிலிருந்து முன்பக்கத் தகடு வரை இடைவெளி இல்லாமல் நான்தான் மாட்டினேன். ஒரு வாரம் கழித்து வந்தார்.

"கண்ணாடி போட்டதுலேருந்து உள்ள கொதிக்குது தம்பி. பிடரியில, கெண்டைக்கால்ல, எல்லாம் இஞ்சின் சூடு."

"ஏன்க்கா, இஞ்சின் பின்னாடி இருக்கு, கண்ணாடி முன்னாடி இருக்கு. நெத்தியில கட்டுப் போட்டா முதுகு வலிக்குமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சைலன்சர் குழாயில் வெப்பத்தடுப்பு நாடா சுற்றினேன். சீட்டுக்கு அடியில் வெள்ளித்தகடு ஒட்டினேன். கியர் கம்பி வருகிற ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தேன். ஒவ்வொரு முறையும் ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு, சூடு பார்க்கிற கருவியை சீட்டில் வைத்துப் பார்ப்பேன். வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவுதான்.

"நிக்கும்போது சுடாது தம்பி. ஓடும்போதுதான் சுடும்."

"ஓடினா காத்து வரும்க்கா. இன்னும் குளிரத்தானே செய்யும்?"

கார்டை இழுத்து அதே வரியை எழுதினேன். அக்கா துண்டை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டு ஓட்டினார். கெண்டைக்கால் சிவந்து, தோல் உரிந்து, மறுபடி சிவந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். எனக்கோ அவரைக் கண்டாலே அலுப்பு. வந்துட்டாங்கப்பா என்று வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

ஒன்பதாவது மாதம் ஒரு நண்பகலில், மேட்டிலிருந்து இறங்கும்போது அக்காவுக்குக் கண் இருட்டிவிட்டது. வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனி டாக்டர் சீட்டு எழுதிவிட்டார்: "வெப்பம் தாங்கும் உடல்நிலை இல்லை." மறுநாளே அக்காவைப் பழையபடி பெல்ட்டுக்கு மாற்றினார்கள். எட்டு மணி நேரம் நிற்கிற வேலை.

முட்டி நின்ற வண்டியை ஷெட்டுக்கு ஓட்டி வந்தவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வண்டியை வெயிலில் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரத்திலேயே பிடரியில் அடுப்பு எரிந்தது. அக்காவின் துண்டு சீட்டுக்குப் பின்னால் கம்பியில் தொங்கியது. வண்டி முன்னால் போகிறது, துண்டும் முன்னால் என் காதைத் தொட்டுக்கொண்டு பறக்கிறது. நிறுத்தினேன். துண்டு தொங்கியது. ஓட்டினேன். மறுபடி முன்னால் பறந்தது.

லாரி போனால் ரோட்டுக் குப்பை அதன் முதுகைத் தொற்றிக்கொண்டு ஓடுமே, அதே கதைதான். கண்ணாடி எதிர்க்காற்றைத் தடுத்துப் பிளந்துவிடுகிறது. உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பத் திறந்த முதுகு வழியாகக் காற்று பாய்கிறது, இஞ்சினைத் தொட்டுக்கொண்டு. வண்டி நின்றால் ஒன்றும் இல்லை. நான் எட்டு முறையும் நின்ற வண்டியைத்தான் அளந்தேன்.

சரிசெய்ய அரை நாள்கூட ஆகவில்லை. சீட்டுக்குப் பின்னால் பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டி, நடுவில் பின்னால் பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாள். முன்கண்ணாடியின் கீழ்ப்பக்கம் காற்று வர இரண்டு திறப்பு. அவ்வளவுதான்.

டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வண்டியைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: "எங்கண்ணே சூடு? ஜிலுஜிலுன்னு இருக்கு. அந்தக்கா சும்மா டபாய்ச்சிருக்கு."

நான் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்று என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெந்நீர் பேசினில் வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"கார்டுல என்ன எழுதினே?"

"தார்ப்பாய் மாட்டப்பட்டதுன்னு."

"பதினொரு வருஷம் கொளுத்துற வெயில்ல நின்னவ நான். என்னைச் சூடு தாங்காதவன்னு எழுதிட்டாங்க. உன் தார்ப்பாய் மட்டும் கார்டுல இருக்கு."

வீட்டுக்காரர் கத்தியை வைத்துவிட்டு, "டீ போடவா மாப்ளே?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஒன்பதாவது கார்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: "கோளாறு வண்டியில் இருந்தது. ஓட்டுநர் முதல் வாரமே சொன்னார். முந்தைய எட்டு முறையும் நான் தவறாகப் பார்த்தேன்." மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"வேலியில போற ஓணானை எதுக்குய்யா எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறே? டாக்டர் சீட்டை ஆறு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் வண்டியில டிரைவர் இடம் காலியா இருக்கணும்."

எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை விடுங்கள்.

கார்டின் நகலை எடுத்துக்கொண்டு பெல்ட்டுக்குப் போனேன். அக்கா நின்றபடியே படித்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வண்டி மேட்டிலிருந்து இறங்கி வந்து நின்றது. புது டிரைவர் கேன் இறக்கப் பின்னால் போனார். அக்கா ஒரு கையால் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, சீட்டு முதுகிலும் அதன் அடியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"ஆமா, சுடல" என்றார். "எட்டு மாசமா இவ்வளவுதான் தம்பி கேட்டேன்."

பெல்ட் ஓட ஆரம்பித்தது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் நின்றார்.