இரண்டு புள்ளி மூன்று வாங்கியவள்

யோலாண்டா ட்ரெவினோவுக்கு, எங்கள் யோலிக்கு, சும்மா நிற்கத் தெரியாது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நாங்கள் எல்லோரும் கவுண்டரில் சாய்ந்துகொண்டு பனி எப்போது விடும் என்று பேசிக்கொண்டிருப்போம். அவள் மட்டும் இருமல் மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முந்தின நாள்தான் பார்த்திருப்பாள். பனி ஊரான சாகினாவில் இந்த மருந்துக்கடையில் நான் இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநர். அவள் ஒன்பது வருடமாக என்னிடம் டெக்னீசியன். எனக்கு வாய் நீளம், அவளுக்குக் கால் நிற்காது. அப்படியே பொருந்திப் போய்விட்டோம்.

மருந்தியல் கல்லூரியில் சேர வேண்டும் என்று அவள் முதல் முறை சொன்னபோது அவளுக்கு வயது முப்பது. இளங்கலையில் சராசரி எவ்வளவு என்று கேட்டேன்.

"நாலுக்கு ரெண்டு புள்ளி மூணு."

நான் சிரித்துவிட்டேன். "ஏண்டி, அதை வச்சுக்கிட்டுப் போனா காலேஜ் வாசல்ல பனி தள்ளத்தான் சேர்த்துக்குவாங்க."

"இங்க மட்டும் யாரு தள்ளுறாங்களாம்? நான்தானே?" என்றாள்.

அந்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தாள். கரிம வேதியியல், உயிரியல், கால்குலஸ் எல்லாவற்றையும் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் மறுபடி படித்தாள். மூன்று வருடம். எல்லாவற்றிலும் ஏ. புதிய மதிப்பெண் வந்தால் பழைய டி கிரேடு அழிந்துவிடும் என்று நம்பியிருந்தாள். அவள் முதலில் படித்த இடத்தில் அதுதான் வழக்கம். ஆனால் எல்லா மருந்தியல் கல்லூரிகளுக்குமான விண்ணப்பங்களைத் திரட்டும் பொது அலுவலகத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். அதை விண்ணப்பத்தை அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். மூன்றைத் தாண்டும் என்று நினைத்திருந்த சராசரி இரண்டு புள்ளி ஆறில் நின்றது. இரண்டு கல்லூரிகள் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடாமல் கைவிரித்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்று. நான் படித்த கல்லூரி.

அந்தக் கல்லூரிக்கென்று தனியாக அனுப்பும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இருந்தால் எழுதலாம்.

"ரூடியைப் பத்தி எழுது," என்றேன். ரூடி அவளுடைய அண்ணன். ஜனவரி மாதத்தில் நெடுஞ்சாலையில் உறைபனியில் கார் வழுக்கிச் செத்துப்போனவன்.

"ரூடி செத்தது நான் படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு."

"ரெண்டு வருஷம் முன்ன பின்ன. யாரு காலண்டரைப் புரட்டப் போறா?"

"மார்லீன், நான் ஏன் டி வாங்கினேன்னு எனக்குத் தெரியும். காலையில எட்டு மணிக்குக் கெமிஸ்ட்ரி. அதுக்கு முந்தின ராத்திரி பௌலிங் லீக். எங்க டீம் ரெண்டு தடவை கோப்பை ஜெயிச்சுது. அதான் காரணம்." அந்தக் கட்டத்தில் அவள் அதையேதான் எழுதினாள், கோப்பையை மட்டும் விட்டுவிட்டு. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எந்த மருந்து எந்த மருந்தோடு ஒத்துப்போகாது என்று, படித்துவிட்டு வரும் பிள்ளைகளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மரக்கட்டைகளைச் சாய்க்கப் பௌலிங் பந்தை உருட்டியதற்காக அவளைத் தள்ளிவிடுவார்களாம்!

பரிந்துரைக் கடிதம் நான்தான் எழுத வேண்டும். விண்ணப்பிக்கிறவர் அதைப் படிக்கமாட்டேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு ஒரு டிக் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். அப்போதுதான் எழுதுகிறவர் மனதில் இருப்பதை எழுதுவார் என்று நினைப்பு. யோலியும் டிக் அடித்தாள். நான் என் மனதில் இருந்ததை எழுதினேன். ஒரு பிள்ளைக்கு டாக்டர் பத்து மடங்கு அளவு எழுதியிருந்ததை அவள் கண்டுபிடித்துத் தொலைபேசியில் தடுத்ததை எழுதினேன். ஆங்கிலம் தெரியாத வயதானவர்களிடம் அவள் ஸ்பானிஷில் பேசிப் புரியவைப்பதை எழுதினேன். கடைசிப் பத்தியில், அண்ணன் இறந்த துக்கத்தில்தான் கல்லூரி நாட்களில் அவளுடைய மதிப்பெண் சரிந்தது என்றும் எழுதினேன். எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

மார்ச்சில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அவள் போய்விட்டு வந்த மறுநாள் காலை, கதவைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை, கோட்டைக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"முதல் கேள்விக்கு முன்னாடியே அந்தப் புரொபசரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'உங்க அண்ணனுக்காக ரொம்ப வருத்தப்படுறோம்'னு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே புரியல."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அது இன்னும் திறக்கவில்லை.

"அப்புறம் புரிஞ்சுது. ஆமான்னு தலையாட்டியிருக்கலாம். அவங்க கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. ஆட்டியிருந்தா சீட்டு கிடைச்சிருக்கும், மார்லீன். எனக்குத் தெரியும்."

"ஆட்டவேண்டியதுதானே!" என்று கத்திவிட்டேன்.

"ரூடியை மார்க்குக்கு வித்துட்டு அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கிறது? கடிதத்துல இருக்கிறது தப்புன்னு சொன்னேன். 'உங்க மருந்தாளுநர்தானே எழுதியிருக்காங்க, அவங்க நல்லவங்களா இல்லையா'ன்னு இன்னொருத்தர் கேட்டார். ரொம்ப நல்லவங்கன்னேன். நல்ல டாக்டர் எழுதிட்டார்ங்கிறதுக்காகத் தப்பான மருந்துச்சீட்டுக்கு மருந்து கொடுப்பீங்களான்னு கேட்டேன். அப்புறம் அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

எனக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. முதலில் வாயில் வந்தது கோபம்தான். "உனக்காகத்தானே செஞ்சேன்!" என்றேன். அவள் ஷட்டரைத் தூக்கப் போய்விட்டாள்.

அன்று மதியமே கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு. என் கடிதமும் விண்ணப்பமும் முரண்படுகின்றன, வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய கடிதம் வராமல் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாது என்றார்கள். குரலில் மரியாதை இருந்தது. வருடா வருடம் அவர்களுடைய மாணவர்கள் என் கடையில்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். பொய் சொன்னவளிடம் இனி யாரை அனுப்புவார்கள்?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துபோய்க் காபி போடுவேன், குடிக்கமாட்டேன். தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு கடிதம் எழுதி அழித்தேன். அதுவும் பொய்தான். வீட்டில் என் கணவர், "நீ உள்ளயும் வெளியவும் நடக்கிறதுல தரைவிரிப்பே தேஞ்சுரும்" என்றார். கடையிலோ யோலி என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

வியாழக்கிழமை மதிய உணவு இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து போனிலேயே எழுதி அனுப்பினேன். மொத்தம் நாலு வரி. சாண்ட்விச்சைப் பிரிக்காமலே கடைக்குள் போனேன்.

மூன்று வாரம் போயிற்று. ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலில் நீண்ட வரிசை. இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது என்று ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். யோலியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பெரியவருக்குப் பின்னால் இன்னும் ஆறு கார்கள். என்னை ஒரு முறை பார்த்தாள். நான் ஓடிப்போய் அவளைத் தள்ளிவிட்டு ஜன்னலில் நின்றேன். பெரியவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. என் காது முழுக்கப் பின்னால் இருந்தது.

அவள் "சரி, சரி, தேங்க்யூ" என்று மட்டும் நாலைந்து முறை சொன்னாள். பேச்சு முடிந்தது. திரும்பினேன். மாத்திரை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கிட்டாங்க," என்றாள்.

ஜன்னலை மூடிவிட்டு அழுதேன். வெளியே ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

"மார்லீன், ரெண்டாவது கடிதத்துல என்ன எழுதுனீங்க?"

"முதல்ல எழுதினது பொய், அதை நான்தான் எழுதினேன், அவளுக்குத் தெரியாதுன்னு எழுதினேன். படிக்கிற வயசுல சோம்பேறியா இருந்திருக்கா, நான் பார்த்த ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட இல்லைன்னு எழுதினேன்."

"ரூடி பேரு அதுல இருக்கா?"

"இல்லை."

முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்தச் சீட்டு என்னோடதுதான்," என்றாள்.