இன்பமணியின் ஓமான் பயணம்

இன்பமணி துபாய்க்கு வந்து நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. கராமாவில் மூன்றாவது மாடி வீடு. வெங்கட்ராமன் சார் ஒரு இயந்திரக் கம்பெனியில் பெரிய வேலை. பிரபாவதி மேடம் வீட்டில் இருப்பவர். அவர்களுக்கு ஒரே மகள் மஹதி. லண்டனில் படித்துக்கொண்டிருந்தாள். மஹதியின் அறையைத் தினமும் துடைத்து, ஆளில்லாத கட்டிலுக்கு வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றுவதும் இன்பமணியின் வேலைகளில் ஒன்று.

குமரி மாவட்டத்தில் குறும்பனை அவளுக்குச் சொந்த ஊர். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகள் ஜினியை அண்ணன் ஜான் பீட்டரின் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு என்று பேச்சு. முதல் லீவு வந்தபோது மேடத்துக்கு இடுப்பில் ஆபரேஷன். "இப்போ நீ போனா நான் என்ன பண்றது, நீயே சொல்லு" என்று மேடம் கேட்டார். லீவு போயிற்று.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கடற்கரைக் கோவில்களில் கல்யாணம் நடப்பதில்லை. ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஏழு, எட்டு என்று அடுக்கடுக்காக நடக்கும். ஜினியின் கல்யாணம் ஈஸ்டர் முடிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இன்பமணிக்குத் திங்கட்கிழமை மதியம் திருவனந்தபுரம் விமானத்தில் டிக்கெட் போட்டார்கள். மூன்று மாதம் கேட்டுக் கேட்டு வாங்கிய லீவு அது. தாயும் மகளும் நாலு வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறார்கள். அதுவும் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு.

அந்த ஈஸ்டரை ஒட்டித்தான் மஹதிக்கும் வசந்தகால விடுமுறை வந்தது. தனியாக வரவில்லை. கூடப் படிக்கும் வெள்ளைக்காரப் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்திறங்கினாள். பாலைவனம் பார்த்தார்கள், தேராவில் படகில் ஏறினார்கள், தங்கக்கடை வாசலில் நின்று படம் எடுத்தார்கள். பிறகு ஓமானுக்குப் போக வேண்டும் என்றார்கள். ராஸ் அல் கைமாவைத் தாண்டி எல்லையைக் கடந்தால் கசப் என்று ஓர் ஊர். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்குமாம். படகில் போனால் டால்பின் கூடவே நீந்தி வருமாம். கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமாம். மஹதியே அப்பாவின் காரை ஓட்டுவாள்.

சார் அப்போது வேலையாக சவூதியில் யான்புவுக்குப் போயிருந்தார். மேடம் யோசித்தார்.

"மூணும் வயசுப் பொண்ணுங்க. பெரியவங்க ஒருத்தர் கூட இல்லாம எப்படி அனுப்பறது? இன்பமணி, நீ கூடப் போயிட்டு வந்துடு. சனிக்கிழமை காலைல போனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடலாம். உனக்குத் திங்கட்கிழமைதானே ப்ளைட்."

"ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் மேடம்."

"சாமி எங்க இருந்தா என்ன, கும்பிட்டாக் கேட்காதா?"

இன்பமணி மாற்றுத் துணி எடுத்து வைத்தாள். டிக்கெட் மேடத்தின் அலமாரியில் இருந்தது. பாஸ்போர்ட் சாரின் லாக்கருக்குள். அந்த ஊரில் வீட்டுவேலைக்கு வந்தவளின் பாஸ்போர்ட் வீட்டுக்காரரிடம் இருப்பது வழக்கம். சமையலறையில் உப்பு டப்பா இருப்பதுபோல அது பாட்டுக்கு இருக்கும். யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. அவளுடைய மொபைலும் வெள்ளிக்கிழமை மட்டுமே அவள் கைக்கு வரும்.

சனிக்கிழமை காலை மேடம் லாக்கரைத் திறந்து அவள் பாஸ்போர்ட்டை மஹதியிடம் கொடுத்தார். புறப்பட்டார்கள். மஹதி நல்ல பெண். அதைச் சொல்லியாக வேண்டும். இன்பமணியை முன் சீட்டில் உட்கார வைத்தாள். தோழிகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, நீங்க இல்லன்னா நான் பட்டினி கிடந்தே வளர்ந்திருப்பேன்னு சொன்னேன்" என்று தமிழிலும் சொன்னாள். மஹதி வளர்ந்து முடித்த பிறகே இன்பமணி அந்த வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எமிரேட்ஸ் பக்கத்து எல்லையில் நாலு பாஸ்போர்ட்டையும் மஹதியே நீட்டி முத்திரை வாங்கினாள். கொஞ்ச தூரத்தில் ஓமான் பக்கத்து எல்லை. அங்கே இருந்த அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டுகளில் முத்திரை குத்திவிட்டு, நாலாவதைப் புரட்டிப் பார்த்தார்.

"கத்தாமா. கஃபீல் எங்கே?"

கத்தாமா என்றால் வேலைக்காரி. கஃபீல் என்றால் அவளுக்கு விசா கொடுத்தவர். வீட்டுவேலை விசாவில் இருப்பவள் எல்லை கடக்க வேண்டுமானால் கஃபீல் கூட வர வேண்டும். இதைப் புறப்படுவதற்கு முன் யாரும் விசாரிக்கவில்லை. மஹதிக்கு எந்த ஊருக்குப் போனாலும் கதவு திறந்தே பழக்கம். இன்பமணியும் அந்தக் கதவு வழியாகவே வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தாள்.

அவள் ஆங்கிலத்தில் வாதாடினாள். அதிகாரி கோபப்படாமல் தலையை மட்டும் ஆட்டினார். தோழிகளில் ஒருத்தி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். பன்னிரண்டு மணிக்குப் படகு.

"ஆன்ட்டி, ஒண்ணு பண்ணலாம். நீங்க இப்படியே நடந்து அந்தப் பக்கம் போயிடுங்க. பக்கத்துலதானே. நான் அம்மாவுக்கு மெசேஜ் போட்டுடறேன், யாராவது வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம், இல்லையா?"

"சரி பாப்பா. பாத்துப் போங்க. ரொம்ப ஆழத்துல இறங்காதீங்க."

மஹதி நாலு பாஸ்போர்ட்டையும் அடுக்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இன்பமணி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நாலு வருஷத்தில் தன் பாஸ்போர்ட்டை அவள் கையில் பிடித்தது விமான நிலையத்தில் ஒரே ஒரு தடவை. அந்த வீட்டுப் பொருளோடு பொருளாக அது போவதில் அவள் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கொடுக்க வேண்டும் என்று மஹதிக்கும் தோன்றவில்லை. கார் வளைவில் திரும்பி மலைக்குப் பின்னால் மறைந்தது.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மொட்டைப் பாறை. நடுவில் இருந்த சாலையில் இன்பமணி முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். எமிரேட்ஸ் பக்கம் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் "பாஸ்போர்ட்" என்று கையை நீட்டியபோதுதான் மஹதியின் கைப்பை அவள் நினைவுக்கு வந்தது.

"பாஸ்போர்ட் மாஃபி" என்றாள். இல்லை என்பதற்கு அந்தச் சொல்தான் அவளுக்குத் தெரியும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள். ஓமான் பக்கம் போன் போட்டுக் கேட்டார்கள். கார் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வெளியேறியதாக முத்திரை விழுந்துவிட்டது; பாஸ்போர்ட்டைக் காட்டாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் வர முடியாது. கடைசியில் கராமா வீட்டு நம்பரைப் போட்டு ரிசீவரை அவளிடம் கொடுத்தார்கள்.

"மெசேஜா? எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார் மேடம். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "சரி, பாஸ்போர்ட் மஹதிகிட்டதானே இருக்கு. பத்திரமாத்தான் இருக்கும், நீ பயப்படாதே."

"நாளான்னைக்கு ப்ளைட் மேடம்."

"நாளைக்கு சாயங்காலம் அவங்க அந்த வழியாத்தானே வரணும். உன்னை ஏத்திக்கிட்டு வரட்டும். சாரும் ஊர்ல இல்ல, நான் ஒருத்தி வந்து அங்க என்ன பண்ண முடியும்? சாப்பாடு ஏதாவது கேட்டு வாங்கிக்கோ."

அந்த இடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு தமிழ்க்காரி. அஸ்மத் பீவி என்று பெயர், தொண்டிப் பக்கம். இன்பமணி கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு வாளியை ஓரமாக வைத்தாள்.

"என்னத்தா, ஊருக்குப் போற முகமாத் தெரியலையே."

இன்பமணி சொன்னாள். அஸ்மத் பீவி கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒம் பாஸ்போட்டு டால்பின் பாக்கப் போயிருக்கு, நீ இங்க கெடக்குற. கொடுத்து வச்ச பாஸ்போட்டு."

இன்பமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஈஸ்டர். அஸ்மத் பீவி வீட்டிலிருந்து சோறும், ஆணம் என்று அவள் சொல்கிற மீன்குழம்பும் கொண்டுவந்தாள். "ஒங்க பெருநாளுல்ல ஆத்தா, சாப்புடு" என்றாள். இன்பமணி கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஓமானிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். நிறத்தைப் பார்ப்பாள், பிறகு கண்ணாடிக்குள் இருக்கும் தலைகளை எண்ணுவாள். சாயங்காலம் ஐந்தாயிற்று, ஆறாயிற்று. விளக்கு போட்டார்கள். மஹதி வரவில்லை.

திங்கட்கிழமை காலையிலும் வரவில்லை. அஸ்மத் பீவி அறையைத் துடைக்கும்போது இன்பமணியின் காலடியை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தாள். மதியம் ஒன்றரைக்கு விமானம். ஒன்றரை ஆனபோது இன்பமணி சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணி சுமாருக்குக் கார் வந்தது. மூன்று பேருடைய முகமும் வெயிலில் சிவந்து உரிந்திருந்தது. தலைமுடியில் உப்பு.

"ஆன்ட்டி, நீங்க ஏன் இங்க இருக்கீங்க?" என்றாள் மஹதி.

விஷயம் புரிந்ததும் அவள் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். கரையில் அவ்வளவு அழகாக இருந்ததாம். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோழிகள் சொன்னார்களாம். மலைக்குள்ளே போனுக்கு சிக்னல் கிடையாதாம். பையைத் திறந்தே பார்க்கவில்லையாம். கார் ஓட்ட முடியாமல் அழுதாள். ஒரு தோழி வண்டியை எடுத்தாள். இன்னொருத்தி பின் சீட்டில் மஹதியை அணைத்துக்கொண்டு, அவள் தவறு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது இன்பமணிக்கே விளங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ராஸ் அல் கைமா தாண்டியும் அழுகை ஓயாததால், கடைசியில் இன்பமணியே முன் சீட்டிலிருந்து திரும்பித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க பாப்பா. தொண்ட காஞ்சிரும்."

வீட்டில் மேடம் மகளைக் கட்டிப்பிடித்து, "பிள்ளை முகமே வாடிப்போச்சே" என்றார். பிறகு இன்பமணி பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எல்லா ப்ளைட்டும் ஃபுல். ஸ்கூல் லீவு பாரு. புதன்கிழமைதான் கிடைக்குது. அதுல நீ போய்ச் சேர ராத்திரி ஆயிடும். கல்யாணம் காலைலயே முடிஞ்சிடும். முடிஞ்ச கல்யாணத்துக்குப் போய் என்ன பண்ணப்போறே?"

"மோளப் பாத்துட்டாவது வருவேன் மேடம்."

"அவ மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருப்பா. அங்க போய் நிப்பியா? டிசம்பர்ல போ. ஒரு மாசம் முழுசா இருந்துட்டு வா, நான் சொல்றேன் சார்கிட்ட. இந்தப் பொண்ணுங்க வேற இன்னும் பத்து நாள் இருக்கப் போறாங்க."

மேடம் சொன்னதில் ஒரு இடத்திலும் பிசகு இல்லை. எல்லாம் கணக்காக இருந்தது. அதனால்தான் இன்பமணிக்கு எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் இஞ்சி நறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை மேடம் தானாகவே மொபைலை எடுத்துக் கொடுத்தார். "உன் அண்ணனுக்கு நானே போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டேன். நீ பேசு."

ஜான் பீட்டர் எடுக்கவில்லை. ஜினி எடுத்தாள். பின்னால் பந்தல் போடுகிற சத்தம்.

"மாமன் நேத்து ஏர்போட்டுல ராத்திரி வர நின்னாவ" என்றாள்.

"மோளே, எனக்க பாஸ்போட்டு..."

"ஓமானுக்கு டூர் போன எடத்துல பாஸ்போட்டு மாறிப் போச்சுன்னு ஒங்க மேடம் சொன்னாவ."

"டூர் இல்ல மோளே. அந்தப் பிள்ளைய கூட்டிட்டுப் போகச் சொன்னாவ."

"எனக்குக் கல்யாணத்துக்கு நாலு நாள் கெடக்கு. நீங்க அவிய பிள்ளைய கூட்டிட்டு டூர் போனியளாக்கும்?"

இன்பமணி எல்லையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி அறை, முத்திரை, கஃபீல். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. சொந்தப் பாஸ்போர்ட்டை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்காமல் வழியனுப்பி வைத்தேன் என்று எந்த மகளிடம் சொல்வது?

"செரி. பூக்காரி வந்திருக்கா. வைக்கேன்" என்றாள் ஜினி.

புதன்கிழமை குறும்பனையில் கோவில் மணி அடிக்கிற நேரம், துபாயில் காலை ஏழரை. வெள்ளைக்காரப் பெண்கள் தோசை கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக வார்க்கச் சொல்லிக் கொடுத்தாள் மஹதி. மாவு அடுப்பெல்லாம் சிந்தியது. ஒருத்தி சுட்டது கோணலாக வந்ததற்கு மூவரும் கைதட்டினார்கள். இன்பமணி துணியை நனைத்து நனைத்து அடுப்பைத் துடைத்தாள்.

டிசம்பரில் சொன்னபடி லீவு கிடைத்தது. அதில் மேடம் வார்த்தை மாறவில்லை. திருவனந்தபுரத்துக்கு ஜினியும் அவள் புருஷன் பிரைட்டும் காரில் வந்திருந்தார்கள். மருமகனை இன்பமணி அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தாள். அமைதியான பையன். பெட்டியை அவனே தூக்கி வைத்தான். ஜினிக்கு ஆறு மாதம். அம்மாவை அணைத்தாள், நலம் கேட்டாள், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கார் களியக்காவிளையைத் தாண்டியது. மாமியாரோடு ஏதாவது பேச வேண்டுமே என்று பிரைட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் அவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

"ஓமான் எப்படி அத்தை? நல்ல எடமாமே. ஜினி சொன்னா, நீங்க போயிருக்கியன்னு."

ஜினி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து அசையவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று இன்பமணிக்குத் தெரிந்தது. எல்லைக் கதையை மறுபடியும் முதலிலிருந்து எடுப்பதா என்று ஒரு கணம் பார்த்தாள். போனில் கேட்டவளிடம் அது ஒரு தடவை தோற்றுப்போன கதை.

"நல்ல எடந்தான் மருமோனே" என்றாள். "கடல் இருக்கு. மலையும் இருக்கு."