மூன்றாவது கோடு

பூட்ஸைக் கழற்றி, இரண்டின் நாடாக்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டுக்கொண்டு, காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியான லெவிசன் சகாலா, காட்டாற்றில் இறங்குகிறார். கையில் ஆளுயரக் கம்பு. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் கிடையாது. இருந்தாலும் அக்கரைவரை நடந்துபோய், நடந்தே திரும்பிய பிறகுதான் ஜீப்பை இறக்குவார். ஒவ்வொரு அடியிலும் குதிகாலை ஒரு திருகு திருகிப் பார்ப்பார். மணல் நறநறவென்றால் கெட்டி. சத்தமில்லாமல் கால் உள்ளே போனால் அந்த இடம் ஆகாது. பக்கத்தில் யானை கடந்த தடம் இருக்கிறதா என்று தேடுவார்.

கரையில் துப்பாக்கியோடு நின்று முதலைக்குக் காவல் பார்ப்பவள் எனெலெசி. வனக்காவலர். அவருடைய மனைவியின் தங்கையும்கூட. அதனால் வாய் சும்மா இருக்காது.

"மச்சான், குளிச்சு முடிச்சாச்சா? சோப்பு எடுத்துப் போடவா?"

லெவிசன் திரும்பி வந்து வண்டியில் ஏறுவார். ஜீப்பை அக்கரை சேர்த்ததும் ஒரு நாணலை வெட்டுவார். கட்டைவிரல் நகத்தால் அதில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூன்று கோடுகள் கீறுவார். முதல் கோடு தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கும்படி நீரோரத்தில் ஊன்றுவார். விருந்தினர் யாராவது என்னவென்று கேட்டால் ஒரே பாடம்தான்: "முதக் கோடு நனைஞ்சா பேசலாங்க. ரெண்டாவது நனைஞ்சா சாவியைப் போடணும். மூணாவது நனைஞ்சா ஜெபந்தான்."

டிசம்பரில் லுவாங்வா பள்ளத்தாக்கு பச்சையைப் பூசிக்கொண்ட பிறகு, இங்கே மழை பெய்தால்தான் வெள்ளம் என்று கிடையாது. மேற்கே முச்சிங்கா மலையில் கொட்டினால் போதும். நம் தலைக்கு மேல் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். காலுக்குக் கீழே ஆறு வந்து நிற்கும்.

லெவிசனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவருடையது. அவர் வராத வாரம் பாட்டு கால் ஊன்றாமல் தடுமாறும். சட்டைப்பையில் எப்போதும் வறுத்த ஈசல் இருக்கும். கடலை கொறிப்பதுபோல் கொறிப்பார். ரத்தம் குடிக்கும் செட்சி ஈ கடித்தால் அடிக்க மாட்டார், ஊதிவிடுவார். வேலையில் அவர் வாயிலிருந்து அதிகம் வருவது "சரிங்க சார்." அதையே ஏழெட்டு விதமாகச் சொல்லத் தெரியும். இல்லை என்ற சொல் மட்டும் அந்த வாயில் முளைக்கவே இல்லை. "இந்த மனுசன்கிட்ட ஆட்டைக் கேட்டா, ஆட்டையும் குடுத்துக் கயித்தையும் குடுப்பாரு" என்பாள் அவர் மனைவி.

அந்தச் "சரிங்க சார்" ஒருமுறை அவர் குடியைக் கெடுத்திருக்கிறது. மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், வேறொரு முகாமில் இருந்தபோது, வெளிநாட்டுக்காரர் இருவர் மரத்தில் கிடந்த சிறுத்தையைப் பார்க்க ஐந்து நிமிஷம் கேட்டார்கள். சரிங்க சார் என்றார். ஐந்து, இருபத்தைந்து ஆயிற்று. திரும்பும்போது ஆறு ஜீப்பைப் புரட்டிப் போட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அந்த அம்மாளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வழிகாட்டி உரிமத்தை ஒரு வருஷம் பிடுங்கிவைத்தார்கள். அந்த வருஷம் முழுக்கச் செங்கல் சூளையில் மண் மிதித்தார். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த அதிகாரி, இன்னொரு தடவை நடந்தால் ஆயுசுக்கும் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நாணலும் கோடும் அதற்குப் பிறகு வந்த பழக்கம். முகாமில் அவருக்குப் படகோட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவள் எனெலெசிதான்.

போன ஜனவரியில் தலைநகர் லுசாகாவிலிருந்து கசோண்டே என்று ஒரு பெரிய மனிதர் மனைவியோடு வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. நாற்காலி போனாலும் குரல் போகாதவர். பெம்பா இனத்தவர். லெவிசன் ங்கோனி. இந்த இரண்டு இனத்துக்கும் நடுவில் கேலிமுறை உண்டு. என்றைக்கோ ஈட்டியோடு மோதிக்கொண்ட பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இப்போது வாயால் மோதிக்கொள்கிறார்கள். ங்கோனி என்றால் எலி தின்னி, பெம்பா என்றால் குரங்கு தின்னி. சாவு வீட்டிலும் வையலாம், கல்யாண வீட்டிலும் வையலாம். வாங்கிக்கொண்டவர் முகம் சுளித்தால் ஊரே சிரித்துவிடும்.

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கசோண்டே ஆரம்பித்துவிட்டார். "சகாலாவா? கிழக்கத்தி எலி தின்னியா நமக்கு வழிகாட்டி? காட்டுல உனக்கு எலி வளைதானய்யா தெரியும்?"

"சரிங்க சார்" என்றார் லெவிசன்.

கசோண்டேயின் முகம் தொங்கிப்போயிற்று. பந்தை வீசிவிட்டு அது திரும்பி வரும் என்று காத்திருந்தவர் அவர். முதல்நாள் முழுக்க வீசிப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. மத்தியானம் எனெலெசி தனியாகக் கேட்டாள்: "ஏன் மச்சான், வாயில என்ன கொழுக்கட்டையா? நான் குந்தா இனத்துக்காரி, எனக்கு அந்த முறை கிடையாது. உங்களுக்கு இருக்குல்ல? ஒண்ணு திருப்பிக் குடுத்தா என்ன?"

"சீருடை போட்டிருக்கையில நான் ங்கோனி இல்ல புள்ள" என்றார் லெவிசன். உரிமம் போனவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். விருந்தாளி ஒரு வரி புகார் எழுதினால் மறுபடியும் சூளைதான்.

இரண்டாம்நாள் காலை ஆற்றைக் கடந்து, நாணலை ஊன்றிவிட்டு, லெவிசன் கழுத்தில் பூட்ஸ் தொங்கியபடியே, இருநூறு அடி தள்ளிப் புல்வெளியில் வண்டியை நிறுத்தினார்கள். காட்டுநாய்கள் வந்தன. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகப் பதினொன்று. கண்மூடித் திறப்பதற்குள் ஓர் இம்பாலா மானைச் சாய்த்துவிட்டன. பெரியவை ஒதுங்கி நின்று முதலில் குட்டிகளைத் தின்னவிட்டன. கசோண்டே ஆசனத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். இதற்கு முன் மூன்று தடவை வந்து காட்டுநாயின் வாலைக்கூடப் பார்க்காத மனிதர். கேமரா கையில் இருந்தது. எடுக்க மறந்துபோய்ச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது.

லெவிசன் தொலைநோக்கியை நாணல் பக்கம் திருப்பினார். முதல் கோடு இல்லை.

வானம் சுத்தமாக இருந்தது. மேற்கே மலைக்கு மேல் மட்டும் கரிச்சட்டி நிறம்.

"சார், தண்ணி ஏறுதுங்க. கெளம்பினா நல்லது."

"எல்லாரும் நாயைப் பாக்குறாங்க, நீ குச்சியைப் பாக்குறியே. அஞ்சு நிமிஷம்யா."

அஞ்சு நிமிஷம். "சரிங்க சார்" என்றது லெவிசனின் வாய்.

திருமதி கசோண்டே கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அவருக்குத் தெரியாதா? உக்காருங்களேன்." கசோண்டே கையைத் தட்டிவிட்டார். தொலைநோக்கிக்குள் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. நுரை வந்தது. நுரையோடு யானைச் சாணமும் உடைந்த புல்லும் வந்தன. எங்கேயோ மேலே ஆறு கரையைக் கழுவிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடு போயிற்று. லெவிசன் சாவியைத் திருகினார். எஞ்சின் சத்தத்துக்கு நாய்கள் ஒரே நேரத்தில் தலை தூக்கின.

"அணைய்யா அதை" என்றார் கசோண்டே. குரலில் கேலி இல்லை. "நாய் கலைஞ்சு போச்சுன்னா உன் முதலாளிகிட்ட நான் பேச வேண்டியிருக்கும்."

லெவிசனின் கை தானாகவே எஞ்சினை அணைத்தது. அந்தக் கையை அவரே யாரோ ஒருவருடையதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பக்கத்து ஆசனத்தில் எனெலெசி துப்பாக்கியை மடியில் இறுக்கிக்கொண்டு, தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தாள். விளையாட்டெல்லாம் போய்விட்டிருந்தது. "மச்சான்" என்றாள் மெதுவாக. "மூணாவது கோடு பாதி நனைஞ்சிருச்சு."

போனால் புகார். போகாவிட்டால் ஆறு. இரண்டில் எது நடந்தாலும் உரிமம் கையில் இருக்காது. ஆனால் ஒன்றில் நாலு உயிர் இருக்கும். இவ்வளவையும் லெவிசன் யோசித்தாரா என்று எனெலெசிக்குத் தெரியாது. அவர் முன்னால் பார்த்தபடியே, கோயிலில் பாடும் அந்த அடிக்குரலில், நிதானமாகப் பேசினார் என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

"டேய், குரங்கு தின்னி."

கசோண்டே நாய்களை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"உன் பாட்டன் என் பாட்டனைக் கண்டு ஓடுனப்ப அஞ்சு நிமிஷமாடா கேட்டான்? எறங்கி உக்காரு. கம்பியைப் புடி. வாயை மூடு, பல்லுல குரங்கு மசுரு தெரியுது. என் வண்டி போகுது, வர்றதுன்னா வா, இல்ல அந்த நாய்கிட்ட எலும்பு கேட்டு வாங்கித் தின்னுக்கிட்டு இங்கயே கெட."

கசோண்டே கேமராவைக் கீழே வைத்தார். முப்பது வருஷமாக அவரை யாரும் டேய் என்றதில்லை. அதிகாரியாகக் கோபப்படலாம் என்றால், கேட்டது அதிகாரியின் காது இல்லை, பெம்பாக்காரனின் காது. பெம்பாக்காரன் கோபப்படக் கூடாது. அவர் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இந்தமுறை நடந்து பார்க்க நேரமில்லை. காலையில் வெறுங்காலால் திருகிப் பார்த்த தடம் லெவிசனின் குதிகாலில் அப்படியே இருந்தது. அதை நம்பி ஜீப்பை இறக்கினார். தண்ணீர் படியைத் தொட்டது, படியைத் தாண்டியது, கால்களுக்கிடையில் வந்து பிஸ்கட் டப்பாவை மிதக்கவிட்டது. நடு ஆற்றில் ஒரு கட்டை வந்து மோதியது. வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நழுவியது. திருமதி கசோண்டே யேசுவைக் கூப்பிட்டார். லெவிசன் கியரையும் மாற்றவில்லை, வேகத்தையும் மாற்றவில்லை. ஏதோ பாட்டின் அடிக்குரலை மட்டும் பல்லுக்கிடையில் இழுத்துக்கொண்டே இருந்தார். முன்சக்கரம் கெட்டி மண்ணைக் கடித்தது. வண்டி ஏறியது.

மேட்டில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது நாணலைக் காணவில்லை. நாணல் இருந்த கரையையும் காணவில்லை. வேரோடு பிடுங்கிய மரம் ஒன்று, அவர்கள் கடந்த இடத்தின் வழியாகவே புரண்டு புரண்டு போயிற்று.

முதலில் வாயைத் திறந்தவர் திருமதி கசோண்டே. "இருபத்தாறு வருஷமா இதை நான் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "குரங்கு இல்லாம." எனெலெசி முகத்தைத் துப்பாக்கிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

லெவிசன் இறங்கி ஏறுபடியில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாடா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. விரலுக்கு அகப்படவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும் நழுவியது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார், தலை நிமிராமல். "வாய் தவறிருச்சு."

கசோண்டே இறங்கினார். பளபளப்பான நகரத்துச் செருப்பு கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. லெவிசனுக்கு முன்னால் வந்து நின்று ஒரு கணம் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே அந்தச் சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, மடியிலிருந்த பூட்ஸை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார்.

"எலி தின்னிக்கு ஒரு முடிச்சு அவிழ்க்கத் தெரியல" என்றார். "காலைக் குடுடா."

லெவிசன் வலது காலைக் கொடுத்தார். கசோண்டே சேற்றைத் துடைத்து, பூட்ஸை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். லெவிசன் சட்டைப்பையிலிருந்து ஓர் ஈசலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கேட்காமலே இடது காலை நீட்டினார்.