சரியான எண்ணைக் காட்டிய டயர்

சரளா மலைக்குக் கிளம்பியது 2023 ஆகஸ்ட் ஏழாம் தேதி, ஒரு திங்கட்கிழமை. தாதியான அவளுக்கு அதுதான் முதல் மலைப்பயணம். செம்மண் பாதையில் மூன்று மணி நேரம் ஏறினால் வரும் பூர்வகுடி கிராமத்தில் மறுநாள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடவேண்டும். அவளை ஏற்றிப்போகும் ஓட்டுநர் கனகராஜ் தன் போர்வீல் வண்டியை ஈப்போவிலிருந்து உச்சி வெயிலில் ஓட்டி வந்து, சுங்கை சிப்புட்டில் அவளுடைய அக்காவின் டயர் கடை வாசலில் நிறுத்தினான்.

அக்கா கலாதேவி தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது குடும்பம் டவுனுக்கு வந்தது. எட்டு வருடம் கமுந்திங் தொழிற்சாலையில் உழைத்தவள், பிறகு டயர் கடை வைத்தாள். யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, "எங்கேர்ந்து வாரீங்க?" என்பதுதான். "இது டயர் கடையா, போலீஸ் ஸ்டேசனா?" என்று கிண்டல் செய்வார்கள். கடை தொடங்கிய புதிதில், ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகத் தெரிகிறதே என்று காற்றை இறக்கி அனுப்பிவிட்டாள். ஆறியதும் காற்று போதவில்லை. மறுவாரமே கோலா கங்சார் சாலையில் அந்த டயர் வெடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒட்டிக்கொண்ட கேள்வி அது.

கலாதேவி நான்கு டயரின் காற்றையும் அளந்தாள். முன்னிரண்டும் முப்பத்துநாலு. பின்னால் வலது நாற்பத்தொன்று, இடது முப்பத்தாறு.

கனகராஜ் வண்டிக் கதவோரம் ஒட்டியிருந்த அளவுத்தாளைப் பார்த்தான். "முன்னாடி இருபத்தொம்போது, பாரம் ஏத்துனா பின்னாடி முப்பத்தாறு. இந்த ஒண்ணுதான் சரியா இருக்கு. மத்த மூணையும் இறக்குங்கக்கா. செப்பாட் லா, சீக்கிரம்! இருட்டுறதுக்குள்ள ஏறணும்."

"அது ஆறுன டயருக்கான கணக்கு தம்பி. மூணும் வெயில்ல ஓடி அஞ்சு ஏறியிருக்கு. இது மட்டும் ஏன் ஏறல? இதான் நோயாளி."

"வேற கடைன்னா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். நீங்க டீச்சரா போயிருக்கலாம்லா!"

கலாதேவி இடது பின் டயரில் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். ஓரிடத்தில் நுரை மெல்லக் கொப்பளித்தது. டயரின் வரிப்பள்ளத்துக்குள் ஒரு திருகாணி புதைந்திருந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும் சரளா பதறினாள். "ஊசிப் பெட்டியில ஐஸ் கரையுதுக்கா! மொத நாளே என் மானத்த வாங்குறியே."

"ஐஸ் கரைஞ்சா காப்பிக்கடையில வாங்கிக்கலாம்டி. நீ பள்ளத்துல உருண்டா உன்னை எந்தக் கடையில வாங்குறது?"

அரை மணி நேரத்தில் உள்பக்கம் ஒட்டு வைத்து, ஆறிய அந்த டயருக்கு மட்டும் முப்பத்தாறு ஏற்றினாள். மற்ற மூன்றைத் தொடவே இல்லை. கனகராஜ் நன்றிகூடச் சொல்லாமல் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

மலையில் போனுக்கு லைன் கிடைக்காது. அந்த இரண்டு நாளும் கலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அடிவாரத்திலிருந்து சரளா கூப்பிட்டாள்: "ஒரு வளைவுல வண்டி ஓரம் வரைக்கும் வழுக்கிருச்சு. டயர் புடிச்சு நின்னுச்சுக்கா."

கனகராஜ் அதன் பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை. சரளாவை அவன்தான் மாதாமாதம் மலைக்கு ஏற்றிப்போனான்.

பத்து மாதம் கழித்து, ஒரு காலையில் கலாதேவி கடைக்கதவைத் தூக்கும்போது அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"அக்கா, கனகராஜ். வண்டி நேத்து சாயந்தரத்துலேர்ந்து நிக்கிது. இப்பதான் அளந்தேன். முன்னாடி இருபத்தொம்போது, பின்னாடி ரெண்டும் முப்பத்தாறு. சரளாவ ஏத்தப் போறேன். நீங்க சரின்னா கெளம்புறேன்."