சிக்னலில் அணைந்துபோகும் பைக்

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். எங்கள் வீடு திண்டுக்கல்லில். எனக்கு வேலை வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். மில் பஸ் உண்டு. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமை இல்லாததால் கியர் பைக்கிலேயே போய் வருவேன். பெண் பைக் ஓட்டினால் திரும்பிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்த பைக்குக்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலிலோ வேகத்தடையிலோ ஆக்சிலேட்டரை விட்டால் போதும், இன்ஜின் இரண்டு விக்கு விக்கிவிட்டு அணைந்துவிடும். பின்னால் லாரி ஹாரன் அடிக்க, நடுரோட்டில் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மில்லுக்கு அருகிலேயே ஒரு மெக்கானிக் கடை. எங்கள் ஆட்களின் வண்டிகள் முக்கால்வாசி அங்கேதான் நிற்கும். எந்த இடத்தில் அணைகிறது, சூடான பிறகா முன்பா என்று நான் விவரமாகச் சொல்லச் சொல்ல, அந்த மெக்கானிக் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சார் நம்பரக் குடுங்கக்கா, நான் அவர்ட்ட பேசிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. வண்டி என் பேரில் இருக்கிறது. ஓட்டுவது நான். என் கணவருக்கு அந்த பைக்கில் பெட்ரோல் டேங்க் மூடியைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டதால் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனேன். சாயங்காலம், "சுத்தம் பண்ணிட்டேன்க்கா, வெவரமெல்லாம் சார்ட்ட சொல்லிட்டேன்" என்று சாவியைத் தந்தார்.

பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் அதே விக்கல். மறுபடியும் போனேன். வண்டியைத் திறந்து பார்த்தவர், "சார் ஒங்கட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று ஆரம்பித்தார். அந்த 'சார்' என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சார் என்ன சொல்லணும்? வேலையச் செய்யத் தெரிஞ்சா செய்யுங்க" என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. மறுபடியும் சுத்தம் செய்து கொடுத்தார். பத்து நாளில் திரும்பவும் அணைந்தது.

இந்த ஆள் வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து நம்மை வரவழைக்கிறான் என்று முடிவு கட்டினேன். இவன் என்ன சொல்வது, மெஷினே சொல்லட்டும் என்று இன்ஜின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வாங்க இறங்கினேன். நாலைந்து நாள் செல்போனில் தேடியதில் ஓரளவு புரிந்தது. காரில் மாட்டுகிற கருவி பைக்கில் அப்படியே சேராது. பைக்கின் கனெக்டருக்கென்று தனி ஒயர் வேண்டும். வாங்குகிற ஸ்கேனர் நம்முடைய மாடலைப் படிக்குமா என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். மாட்டியதும், இன்ஜின் சும்மா ஓடும்போது அதற்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிற வால்வில் கோளாறு என்று காட்டியது.

திண்டுக்கல்லில் ஒரு பெரிய கடையில் அதைக் காட்டி, வால்வை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். சிக்னலில் அணையாமல் வண்டி பூ மாதிரி ஓடியது. அன்றைக்கே மில் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: பக்கத்துக் கடைக்காரர் ஏமாற்றுகிறார், யாரும் அங்கே வண்டி விடாதீர்கள். எத்தனை பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள் தெரியுமா. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமைக்கும் ஆயுசு பத்து நாள்தான். கரூர் ரோட்டில் பைபாஸைக் குறுக்கே கடக்கும்போது, பின்னால் என் எட்டு வயது மகள் உட்கார்ந்திருக்க, நட்டநடுவில் வண்டி அணைந்தது. வந்த லாரி பிரேக் பிடித்து ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார், திட்டவில்லை. "மொதல்ல பிள்ளைய எறக்குத்தா" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் வண்டியை நானே பிரித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் சுத்தம் என்றாலே கம்ப்ரஸர் காற்றுதான். ஷிப்ட் முடிந்ததும் தலை, சட்டை, செருப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டிய பஞ்சைக் காற்றுக் குழாயால் ஊதிவிட்டுத்தான் வெளியே வருவோம். நான் சனிக்கிழமைதோறும், இன்ஜினுக்குள் தூசி போகாமல் தடுக்கிற ஏர் ஃபில்டரையும் கழற்றி ஊதி மாட்டுவேன். மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஃபில்டரை, நூலைச் சோதிக்கிற விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். விரல் நீளத்துக்குக் கிழிசல். காற்றின் வேகம் தாங்காமல் அட்டை கிழிந்திருக்கிறது. அந்த வழியாக, மில்லில் பறக்கிற பஞ்சு உள்ளே போய், வால்வின் சின்னத் துவாரத்தை அடைத்திருக்கிறது. வால்வில் கோளாறு என்று ஸ்கேனர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கோளாறு என் கையால் வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஃபில்டரோடு நேராக அந்தக் கடைக்குப் போனேன். எப்போதும் வரிசையாக வண்டிகள் நிற்கிற இடத்தில் இரண்டே வண்டிகள். அவர் ஃபில்டரைப் பார்த்தார்.

"இதத்தானக்கா மொத நாளே சார்ட்ட சொன்னேன். ஃபில்டர் கிழிஞ்சிருக்கு, எங்கட்ட இல்ல, புதுசு வாங்கியாங்க, மில்லு காத்தப் புடிக்காதீங்கன்னு."

அங்கேயே நின்று கணவருக்குப் போன் போட்டேன். "ஆமா, ஏதோ ஃபில்டருன்னாரு. மறந்தே போச்சு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போன் உடையாமல் தப்பியது பெரிய விஷயம்.

"வண்டிய ஓட்டுறது யாருண்ணே?" என்று மெக்கானிக்கிடம் திரும்பினேன். "எம்பிள்ள நேத்து லாரிக்கு அடியில போயிருக்கும். எங்கட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"பொம்பளையாளுக்கு இதெல்லாம் வெளங்காதுன்னு நெனச்சேன். தப்புதான்" என்றார். அதோடு விடாமல், "நீங்க என்னயத் திருடன்னு குரூப்புல போட்டீங்களே, அதுக்கு முன்னாடி எங்கட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?" என்றார்.

புது ஃபில்டர் வாங்கி வந்து அவர் கையாலேயே மாட்டவைத்தேன்.

அன்றே அதே குரூப்பில் என் தப்பை எழுதினேன். ஃபில்டரை யாரும் காற்றில் ஊதாதீர்கள் என்றும் எழுதினேன். ஏமாற்றுக்காரர் என்று எழுதியதைப் படித்தவர்களில் பாதிப்பேர்கூட இதைப் படிக்கவில்லை. சிலர் திரும்பவும் அந்தக் கடைக்குப் போகிறார்கள். சிலர் போகவே இல்லை, போங்கள் என்று நான் சொல்லியும் போகவில்லை. மெக்கானிக் இப்போது என் வண்டியில் எதுவானாலும் எனக்குத்தான் போன் செய்கிறார்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லாத அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் வெளியே எத்தனை வண்டி நிற்கிறது என்று என் கண் தானாக எண்ணுகிறது, அப்போது வருகிற கோபம் முழுக்க என்மேல்தான்.